பச்சை நூல் சுற்றிய ஊசி

என் மேசையின் இடது இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு, "பாய், இந்த ஒரு ஊசியை மட்டும் ஏன் தீட்டாம வெச்சிருக்கீங்க?" என்று என்னிடம் வேலை கற்ற உங்களில் ஒருவர் கேட்டீர்கள். நான் "அதைத் தொடாதே" என்று எரிந்து விழுந்தேன். வேலையை விட்டு இறங்கி வாணியம்பாடிக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. அந்தக் கேள்வி இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேட்டவர்மேல் கோபப்பட எனக்கு எந்த உரிமையும் கிடையாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று பேரும் படியுங்கள். பாதியில் மூடி வைத்தாலும் திட்டுவதற்கு நான் அங்கே இல்லை.

ஊசியை எப்படி வெட்டுவது, எந்த உப்புத்தாள், எத்தனை இழுப்பு, இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. ஆனால் இந்தக் காகிதம் வெளியாள் கையில் கிடைத்தால் பைத்தியக்காரன் எழுதியது என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்காக நாலு வரி.

மலைமேல் ஜமுனாமரத்தூரில் வாரச்சந்தைத் திடலைத் தாண்டினால் எங்கள் பட்டறை. சென்னையிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய குதிரை பொம்மைகள் வரும். உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் குதிரைகள். பிடரியும் வாலும் சிக்கேறி, சிலது மொட்டையாகவே வரும். பெண்கள் அவற்றின் தலையைக் கழற்றி, பழைய முடியைப் பிடுங்கிப் போட்டு, ஓட்டை ஓட்டையாகப் புது நைலான் முடியைச் செருகி, உள்ளே பசை தடவித் திரும்ப மாட்டுவார்கள். வெளிநாட்டில் குழந்தைகள் இல்லை, பெரியவர்களே இதை வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்களாம். முதல் முறை இதைக் கேட்டபோது எங்கள் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாமை விதைத்துக் களை பறித்த கைகள் என்பதால், முடி செருகுவதற்கு அவர்களே வைத்த பெயர் நடவு.

அந்த நடவுக்கான கருவிதான் கவட்டை ஊசி. தையல் ஊசியின் காதைக் குறுக்கே வெட்டினால் இரண்டு பல் உள்ள சின்னக் கவட்டை கிடைக்கும். அதை ஒரு மரப்பிடியில் பதிக்க வேண்டும். முடிக்கற்றையை மடித்து, மடிப்பைக் கவட்டையில் உட்காரவைத்து ஓட்டைக்குள் தள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. கவட்டையின் அடியில், மடிப்பு உட்காரும் இடத்தில், வெட்டிய பிசிறு நிற்கக் கூடாது. நின்றால் முடியை அறுக்கும். அந்தப் பிசிறை எடுப்பதுதான் என் சம்பளத்துக்கான வேலை, இப்போது உங்களுடைய வேலை.

இந்த வேலைக்கு வருமுன் வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் கருவி அறையில் இருந்தேன். அங்கே எனக்கு மேல் ஒருவர் இருந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் கற்றுக்கொடுத்ததைக் காற்றில் விட்டவன் அவர் பெயரைச் சொல்வது சரியில்லை. தோல் தைக்கும் ஊசியை அவர் ஒரு நாளும் தோலில் குத்திச் சோதிக்க விடமாட்டார். ஆரணித் தறிகளிலிருந்து வாங்கிவந்த பட்டு இழை ஒன்றை ஊசிமேல் இழுத்துப் பார்க்கச் சொல்வார். ஒரு நாள் அவசரத்தில் நான் தோலிலேயே குத்திப் பார்த்துவிட்டுச் சரி என்று நீட்டினேன். ஊசியை வாங்கி ஜன்னல் வழியாகச் சாக்கடைப் பக்கம் வீசிவிட்டார்.

"போய்த் தேடி எடுத்துனு வா. எடுத்துனு வந்தப்புறம் சாப்பிடலாம்."

சாப்பாட்டு நேரம் முழுக்கத் தேடினேன். கிடைத்தது. துடைத்துக்கொண்டு போய் நின்றபோது சொன்னார்: "தோலு முரட்டுப் பய. எதையும் தாங்கிப்பான், உன்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டான். வேலைக்குப் போற சாமானைவிடச் சோனியா கீற ஒண்ணுல இழுத்துப் பாரு. அதான் நெசத்தச் சொல்லும்." பிறகு தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதிச் சோற்றை எனக்குப் போட்டார்.

மலைக்கு வந்த பிறகும் பல வருடம் அந்த வழக்கத்தை விடவில்லை. சனிக்கிழமை மாலை எல்லாப் பெண்களின் ஊசிகளும் என் மேசைக்கு வரும். தோல் நாடாவில் பாலிஷ் தடவிக் கவட்டைக்குள் இழுப்பேன், பட்டு இழையை விட்டுப் பார்ப்பேன். சிக்கினால் மறுபடி நாடா. திங்கள் காலை அவரவர் ஊசி அவரவர் கைக்குப் போய்விடும். ஒருவர் ஊசியை இன்னொருவர் தொடுவதில்லை. அடையாளத்துக்குப் பிடியில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் சுற்றியிருக்கும். குதிரையின் தலையை மூடுமுன் அதே நிற நூலில் ஒரு முடிச்சுப் போட்டுக் கழுத்துக்குள் ஒட்டிவிடுவார்கள். யார் நட்டது என்று எப்போது திறந்து பார்த்தாலும் தெரியும்.

பச்சை நூல் வேடியம்மாவுடையது.

அவர் ஜமுனாமரத்தூரிலிருந்து காட்டுப் பாதையில் ஒரே ஒரு பஸ் போகும் ஊரைச் சேர்ந்தவர். மகள் சந்தியா இங்கே அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். காலையில் தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். பள்ளி விட்டதும் சந்தியா பட்டறை வாசலில் உட்கார்ந்து படிப்பாள். அவள் நர்ஸ் ஆக வேண்டும் என்பது தாய், மகள் இரண்டு பேருக்குமே முடிவான விஷயம். வேடியம்மாவின் புருஷன் வருடா வருடம் காபி பறிக்கக் கர்நாடகத் தோட்டத்துக்குப் போகிறவர். முன்பெல்லாம் குடும்பத்தோடு போவார்கள். சந்தியாவுக்குப் பள்ளியும் அந்த மாதங்களில் போய்விடும். பட்டறையில் சேர்ந்த பிறகுதான் அது நின்றது.

"இந்த வேலை இருக்கங்காட்டியும் நான் மலைய வுட்டு எறங்க வேணாம் பாய்," என்று ஒரு முறை சொன்னார். "இவ பரீட்சைய எழுதிடுவா. அப்புறம் எது எப்படிப் போனாலும் போவுது."

இதை மறந்துவிடாதீர்கள். இனி நான் சொல்லப்போவது எல்லாம் அந்தப் பரீட்சையைப் பற்றியதுதான்.

அந்த வருடம் ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ் நின்றுவிட்டது. அதே நேரம் என்னிடம் இருந்த பட்டு இழை தீர்ந்துபோனது. போளூருக்கு இறங்கினால் ஆரணிப் பட்டு வாங்கி வந்துவிடலாம், ஆனால் இறங்க வழியில்லை. ஐந்து ஊசிக்குப் புதிதாகக் கவட்டை வெட்டி வைத்திருந்தேன். திங்கள் காலை பெண்களுக்குக் கொடுத்தாக வேண்டும். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. நடப்போவது நைலான் முடி. நைலானிலேயே இழுத்துப் பார்த்தால் என்ன? தரையில் கிடந்த ஒரு முடியை எடுத்து ஐந்து ஊசியிலும் இழுத்தேன். வெண்ணெயில் இழுத்ததுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. ஐந்தும் தேறின.

நாலு நாளில் பாதை திறந்துவிட்டது. நான் போகவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். பட்டில் இழுத்தால் பாதி ஊசி மறுபடி நாடாவுக்கு வரும், சனிக்கிழமை மாலை முழுக்கப் போய்விடும். நைலானில் இழுத்தால் ஒன்றுகூடத் திரும்புவதில்லை. என் கை தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருட அனுபவம் வீண்போகுமா என்று பெருமைகூடப் பட்டேன். பட்டு பிசிறில் மாட்டி நின்று உங்களிடம் சொல்லும். நைலான் மாட்டாது, வழுக்கும், வழுக்கும்போதே உடம்பில் கீறல் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும். கீறலோடு அதை நட்டால் பத்து நாள் நிற்கும். சீப்பு வைத்தால் வந்துவிடும்.

கார்த்திகையில் வேடியம்மா என் மேசைக்கு வந்தார்.

"பாய், என் ஊசி கடிக்குது."

"எங்க கடிக்குது, வெரல்லயா?"

"வெரல்ல இல்ல. தள்ளும்போது உள்ளாற நறநறங்குது. சோத்துல மண்ணு கடிபட்ட மாதிரி."

வாங்கினேன், நைலானை இழுத்தேன், வழுக்கியது. "புது ஊசிம்மா. பழகப் பழகச் சரியாப் போய்டும்," என்று திருப்பிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண், "வேடியம்மாவுக்கு மட்டும் ஊசிக்குப் பல்லு மொளைச்சிருக்கு," என்று கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்து அதையே சொன்னார். மூன்றாவது தடவை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மார்கழியில் மூன்று மூட்டை திரும்பி வந்தது. கூடவே ஓனரின் போனுக்கு ஒரு வீடியோ. யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மாள் குதிரையின் பிடரியில் சீப்பை வைக்கிறார். முடி கொத்தாகச் சீப்போடு வருகிறது. அந்த அம்மாளின் கை கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது.

நம் ஓனர் ஆரோக்கியசாமி சாரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று அவர் பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். "சென்னைக்காரன் ஒரே ஒரு கேள்விதான் கேக்கறான் பாய், இது யார் கைவேலைன்னு. நாளைக்குள்ள ஆளக் காட்டி, நிறுத்திட்டேன்னு சொல்லலன்னா மிச்ச சரக்கெல்லாம் வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போய்டுவேன்றான். பன்னெண்டு பேரு வூட்ல அடுப்பு எரியணும்."

மூட்டைகளைப் பிரித்து ஒவ்வொரு கழுத்தாகத் திறந்தோம். நீலத்தில் கொஞ்சம், மஞ்சளில் கொஞ்சம். மற்றதெல்லாம் பச்சை முடிச்சு. வேலை நின்றுவிட்டது. பெண்கள் எழுந்து சுற்றி நின்றார்கள். சார் வேடியம்மாவைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது?"

"எனக்கு இன்னா தெரியும் சார். நான் எப்பவும் நடற மாதிரிதான் நட்டேன். ஊசிதான் கடிக்குதுன்னு பாய்கிட்ட மூணு தடவ சொன்னேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இங்கேதான் நான் உங்களை நிறுத்திவைத்துப் பேச வேண்டும். நம் தொழிலில் ஒருவன் கெட்டுப்போகிற நேரம் இதுதான். சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள், கேள்வி உங்கள் கருவியின்மேல் வருகிறது, உங்களுக்குக் காது சூடேறுகிறது. அந்த நேரத்தில் நாம் செய்கிற சோதனை ஊசிக்காகச் செய்வது இல்லை. நம் மானத்துக்காகச் செய்வது. நான் பச்சை நூல் ஊசியை வாங்கினேன். மேசையிலிருந்து ஒரு நைலான் முடியை எடுத்தேன். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையைத் தூக்கிப் பிடித்துக் கவட்டைக்குள் இழுத்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்று தடவையும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"பாருங்க சார். ஊசில ஒண்ணும் இல்ல," என்றேன்.

வேடியம்மா தன் கொண்டையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினார். அதை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்து என்னிடம் கொடுத்தார். "இதுல ஒருவாட்டி இழுத்துப் பாருங்க பாய்."

நான் அதை வாங்கவில்லை. "நாம நடறது நைலான்மா. உன் தலைமுடியா நடறோம்? சும்மா கூத்து பண்ணாத," என்றேன். இந்த வார்த்தைகளை நான் அப்படியே எழுதுகிறேன், ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. தலைமுடி நைலானைவிடச் சோனி. பிசிறில் அது மாட்டியிருக்கும், எல்லோர் கண் முன்னாலும் அறுந்திருக்கும். எனக்கு வாணியம்பாடியில் பசியோடு சாக்கடையில் தேடவிட்டுச் சொல்லிக் கொடுத்த அதே பாடத்தை அந்த அம்மாள் ஒன்றும் தெரியாமலேயே என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் கூத்து என்றேன்.

"அப்போ கைதான்," என்றார் சார். குரலில் கோபம் இல்லை, ஒரு பெயர் கிடைத்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. "சீக்கிரம் முடிக்கணும்னு இழுத்து நட்டிருக்க. நாளையிலிருந்து வர வேணாம்மா."

வேடியம்மா அழவில்லை. கையில் இருந்த முடியை என்ன செய்வது என்று தெரியாமல் விரலில் சுற்றிக்கொண்டார். மாலையில் சந்தியா வாசலுக்கு வந்தபோது உள்ளே நடந்தது எல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது, சின்ன ஊர். அவள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. "பரீட்சைக்கு மூணு மாசந்தான் இருந்துச்சு. அதுக்குள்ள ஒனக்கு இன்னா அவசரம்?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பத்து நாள் கழித்துச் சொந்தத்தில் ஒரு நிக்காஹ்வுக்காக வாணியம்பாடிக்கு இறங்கினேன். திரும்பும்போது போளூரில் பஸ் மாற வேண்டியிருந்தது. அங்கே தெரிந்தவர் ஒருவரிடம் பட்டு இழை இருந்தது, வாங்கிக்கொண்டேன். பட்டறைக்கு வந்தேன். வேலைக்குப் புதுப் பெண் ஒருவர் சேரப்போகிறார், பச்சை நூல் ஊசி சும்மா கிடக்கிறது, பழைய நூலைப் பிரித்துவிட்டு அதையே கொடுக்கலாம் என்று இழுப்பறையிலிருந்து எடுத்தேன். பையில் பட்டு இருக்கிறதே என்று பழக்கத்தில் ஒரு இழையைக் கவட்டைக்குள் விட்டேன்.

பாதி தூரம்கூட வரவில்லை. நின்றது. கொஞ்சம் இழுத்தேன், அறுந்துவிட்டது.

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். கவட்டையின் அடியில், இடது பக்கம், ஒரு பிசிறு கொக்கிபோல வளைந்து நின்றது. தூசு அளவுதான் இருந்தது. நீலமும் மஞ்சளும்கூட அந்த ஐந்து ஊசியில் சேர்ந்தவைதான். அவற்றிலும் பிசிறு இருந்தது, இந்த அளவுக்கு இல்லை. ஐந்திலும் மோசமான ஊசியை நான் வேடியம்மாவுக்குக் கொடுத்திருந்தேன். மற்ற நாலு பேரும் வாங்கிக்கொண்டு பேசாமல் வேலை செய்தார்கள். அவர் விரலுக்கு மட்டும் அது தெரிந்தது. தெரிந்ததைச் சொன்னார்.

அப்போதே எழுந்து சாரிடம் போயிருக்க வேண்டும். இருபது அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் போகவில்லை.

நான் போட்ட கணக்கு இது. சென்னைக்காரர் சமாதானமாகி மிச்சச் சரக்கை அனுப்பிவிட்டார். தப்பு செய்த ஆளை நிறுத்தியாகிவிட்டது என்பதால்தான் அனுப்பினார். இப்போது போய்த் தப்பு ஊசியில்தான் என்றால், இந்தப் பட்டறையில் தொட்ட எதையும் நம்ப மாட்டார், பன்னிரண்டு பேர் வேலையும் போகும். இந்தச் சரக்கு போய்ச் சேரட்டும், பிறகு சொல்லலாம். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது. பன்னிரண்டு பேரைக் காப்பாற்றுகிறேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது ஒரே ஒரு ஆளைத்தான், அந்த ஆள் லென்ஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லா ஊசிகளையும் அந்த வாரமே பட்டில் சோதித்து யாருக்கும் தெரியாமல் தீட்டிக் கொடுத்தேன். பச்சையை மட்டும் தீட்டக் கை வரவில்லை.

எட்டு நாள். எட்டாவது நாள் சரக்கு லாரி ஏறியது. சாரிடம் போய் ஊசியையும் பட்டையும் அவர் கையிலேயே கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இழை அறுந்தது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டார். சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே கூப்பிட்டிருப்பேனே பாய்," என்றார். "சென்னைக்காரன்கிட்ட எதையாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். போங்க, நாளைக்கு மொத பஸ்ஸப் புடிச்சுப் போய்க் கையோட கூட்டிட்டு வாங்க."

போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அவங்க காபித் தோட்டத்துக்குப் போய்ட்டாங்களே. முந்தாநாள்தான் வண்டி ஏறுனாங்க."

"பொண்ணு? சந்தியா?"

"அதைத் தனியா வூட்ல வுட்டுட்டுப் போவ முடியுங்களா? கூட்டினுதான் போனாங்க. அது ஒரே அழுவை. ஆத்தாளும் பொண்ணும் பேச்சுவார்த்தையே இல்ல." முறத்தைக் கீழே வைத்தார். "அவ வூட்டுக்காரரு அப்பவே கெளம்பலாம்னாரு. வேடியம்மாதான் இரு, இருன்னு நிறுத்தி வெச்சிருந்தா. பட்டறையிலிருந்து கூப்பிடுவாங்க, பாய் மறுபடி ஊசியப் பாத்திருப்பாருன்னு சொல்லினே இருந்தா. ரெண்டு வாரம் பாத்துட்டுத்தான் போனா."

நான் லென்ஸில் பார்த்த பிறகு ஆறு நாள் அவர் அந்த வீட்டில்தான் இருந்தார். பாய் ஊசியைப் பார்த்திருப்பார் என்று நம்பிக்கொண்டு இருந்தார். பாய் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தான். திரும்பும் பஸ் சாயங்காலம்தான். அதுவரை அந்தப் பூட்டிய வீட்டுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் மோர் கொடுத்தார், குடிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

பட்டறையில் இருந்த வேடியம்மாவின் போன் நம்பர் அதன் பிறகு வேலை செய்யவில்லை. பங்குனியில் பிளஸ் டூ பிள்ளைகள் பரீட்சை எழுதிவிட்டுப் பட்டறை வாசல் வழியாகப் பேசிக்கொண்டே போனார்கள். அந்த நாட்களில் நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தேன்.

அடுத்த வருடம் முடிந்து அதற்கு அடுத்த ஆடி மாதம் வேடியம்மாவைச் சந்தையில் பார்த்தேன். ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். "நல்லா கீறீங்களா பாய்," என்று அவர்தான் முதலில் கேட்டார்.

தக்காளிக் கடை ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பட்டு, நைலான், பிசிறு, அந்த எட்டு நாள். இடையில் பேசவிடாமல் ஒரே மூச்சில் சொன்னேன்.

"எனக்குத்தான் அப்பவே தெரியுமே பாய்," என்றார்.

வேலை அப்படியே இருக்கிறது, சார் எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லியிருக்கிறார் என்றேன். அவர் வலது கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் வெடித்துக் காய்த்திருந்தது. "காபி பறிச்சிப் பறிச்சி மரத்துப் போச்சு. இப்போ ஊசி கடிச்சாலும் எனக்குத் தெரியாது."

அவர் புடவைத் தலைப்பில் முடிந்திருந்த போனை எடுத்தார்.

"எனக்கு ஒரு ஒதவி பண்றீங்களா பாய்? சந்தியா திருப்பூர்ல பனியன் கம்பெனில கீது. பரீட்சை எழுதவே இல்ல. திரும்ப எழுதுடின்னா எல்லாம் மறந்துபோச்சுன்னுது. நான் வேலைல ஏமாத்தி மாட்டிக்கிட்டேன்னுதான் இன்னிய வரைக்கும் நெனச்சினு கீது. நோம்பு நொடிக்குத்தான் பேசுது. நான் சொன்னா நம்பாது. நீங்க சொல்லுங்க."

அவரே நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்டது. நான் யார் என்று சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னேன். உங்கம்மா கையில் தப்பு இல்லை, என் ஊசியில்தான் தப்பு, எனக்கு அது தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்றேன்.

"எங்கம்மா டெய்லி சொல்லுச்சுங்க," என்றாள் சந்தியா. "தோட்டத்துல தெனமும் ராவானா சொல்லும், அழுவும். நான் காதுல வாங்கல. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். ஆத்தாவே இல்லன்னு கூடச் சொல்ட்டேன். எங்கம்மா மேல தப்புன்னு நெனச்சினு எப்படியோ ஓட்டினு இருந்தேன். இத ஏன் இப்போ வந்து சொன்னீங்க?"

போனை வைத்துவிட்டாள்.

வேடியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா பாய் சொல்லுச்சு?"

"கேட்டுக்கிச்சும்மா," என்றேன். "அப்புறம் பேசுதாம்." ஊசியில் ஒன்றும் இல்லை என்றதற்குப் பிறகு, அது நான் அவரிடம் சொன்ன இரண்டாவது பொய்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. போனை வாங்கிக்கொண்டார். தலைப்பில் முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். நானும் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். நிழலில் நிற்கச் சொன்னேன், அங்கே டவர் கிடைக்காது என்று வெயிலிலேயே நின்றார். இரண்டு முறை சத்தம் வருகிறதா என்று போனைக் காதோரம் வைத்துப் பார்த்தார். பஸ் வந்தது. கண்டக்டர் விசிலடித்தார். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவில்லை.

இழுப்பறையில் இருப்பது அந்த ஊசிதான். யாரும் தீட்ட வேண்டாம். பட்டு இழை அதன் பக்கத்தில் ஒரு சுருள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மழைக்கு முன்னாலேயே இன்னொரு சுருள் வாங்கி வைத்துவிடுங்கள்.